தொடங்கவே ஐந்து நிமிடம்: பாளையங்கோட்டை ஸ்டுடியோ கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நெல்லை வட்டாரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் எங்கள் கடைக்கு ஓர் ஆடி மாதத்தில் வந்த வேலை இது. உரிமையாளரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் இயங்கும் போட்டோ ஸ்டுடியோ. கல்யாண ஆல்பம், சடங்கு வீடு, கோயில் கொடை வீடியோ, இவைதான் பிழைப்பு. படம் எடுக்க வெளியே போகிறவர்கள் போக, ஆல்பம் டிசைன் செய்ய ஒரு பையன் இருக்கிறான். அவன் உட்காரும் கணினிதான் கடையின் உயிர்நாடி. எடுத்த படமெல்லாம் அதில்தான் இறங்கும், அதில்தான் ஆல்பமாகும், அங்கிருந்துதான் லேபுக்குப் போகும்.

இந்த ஸ்டுடியோ முன்பு வண்ணார்பேட்டைப் பக்கம் தரைத்தளத்தில் இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறி ஓடியபோது கடைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. உரிமையாளர் கேபினெட்டைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டினார். தண்ணீர் அதைத் தொடவில்லை. ஆனால் தண்ணீர் வடிந்து, சேறு வாரி, கடையைத் திறந்து காயவைக்கும் வரை அந்த ஈரக் காற்றில்தான் கிடந்தது. இந்தச் சின்ன விவரத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பின்னால் வருவதற்கெல்லாம் இதுதான் தொடக்கம்.

அப்புறம் பாளையங்கோட்டைக்கு மாடிக்கு மாறினார்கள். புதுக் கணினி ஒன்றை அசெம்பிள் செய்து வாங்கினார்கள். ரைசன் 7 7700 பிராசசர், ஏஎம்5 சாக்கெட் மதர்போர்டு, 16 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்5 ரேம், விண்டோஸ் 11 ஏற்ற 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), தனி கிராபிக்ஸ் கார்டு. ஆல்பம் வேலைக்கு இது தாராளம். பழைய கேபினெட்டிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் புதியதற்கு மாற்றினார்கள்: படங்கள் இருந்த 4 டிபி ஹார்ட் டிஸ்க். கூடவே அதில் செருகியிருந்த, டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளும் வந்துவிட்டது.

எங்களிடம் வருவதற்கு முன்

வாங்கிய புதிதில் கணினி நன்றாக இருந்தது. சில நாளில் காலையில் ஆன் செய்தால் திரை வர நேரமாகத் தொடங்கியது. அசெம்பிள் செய்த இடத்தில் சொன்னதும் வந்து ஃபார்மட் அடித்துக் கொடுத்தார்கள். சரியானது. கொஞ்ச நாளில் பழைய கதை. மறுபடி ஃபார்மட், மறுபடி சரியானது, மறுபடி பழைய கதை.

பிறகு தெரிந்த ஒருவர் ரேம் போதவில்லை என்றார். இன்னும் இரண்டு 16 ஜிபி வாங்கி நான்கு ஸ்லாட்டையும் நிரப்பி 64 ஜிபி ஆக்கினார்கள். தொடங்கும் நேரம் குறையவில்லை, முன்பைவிடக் கூடியது. அடுத்து இன்னொருவர் எஸ்எஸ்டி போய்விட்டது, மாற்றுங்கள் என்றார். அந்தச் செலவுக்குக் கையை நீட்டும் முன்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

உரிமையாளர் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: "தம்பி, ஆன் பண்ணிட்டு கீழ எறங்கி டீ குடிச்சிட்டு வாரேன். வந்து பாத்தாலும் வட்டம்தான் சுத்திக்கிட்டுக் கெடக்கு. ஓடத் தொடங்கிட்டா ஒரு கொறையும் கெடையாது. தொடங்கத்தான் மாட்டேங்கு."

ஓடத் தொடங்கிவிட்டால் குறை இல்லை என்ற வார்த்தை முக்கியமானது. பிராசசரோ எஸ்எஸ்டியோ நிஜமாகவே தளர்ந்திருந்தால் ஆல்பம் திறக்கும்போதும், படம் ஏற்றும்போதும் தெரிந்திருக்கும். அந்தப் பையனிடம் தனியாகக் கேட்டேன். "வேலை பாக்கையில ஸ்பீடுதான் அண்ணே. எப்பமாவது ஒரு படத்தத் தொறந்தா மட்டும் அப்படியே நின்னுட்டு, அப்புறம் ஓடும்" என்றான். அந்த 'எப்பமாவது' என்பதையும் எழுதிக்கொண்டேன்.

முதலில் செய்தது: நேரத்தைப் பிரித்து அளந்தது

கணினி மெதுவாகத் தொடங்குகிறது என்று வரும் வேலைகளில் பெரும்பாலும் யாருமே நேரத்தை அளந்திருப்பதில்லை. 'ரொம்ப நேரம்' என்பதை ஒரே துண்டாகத்தான் சொல்வார்கள். ஆனால் பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து வேலை தொடங்கும் வரை மூன்று தனித்தனிக் காத்திருப்புகள் இருக்கின்றன. முதலாவது, விண்டோஸ் வருவதற்கு முன் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸ் தன் சோதனைகளை முடிக்கும் நேரம். இரண்டாவது, விண்டோஸ் டிரைவர்களையும் சர்வீஸ்களையும் ஏற்றிப் பாஸ்வேர்டு கேட்கும் வரை. மூன்றாவது, பாஸ்வேர்டு அடித்த பிறகு டெஸ்க்டாப் முழுமையாக வந்து கைக்கு அடங்கும் வரை. மூன்றுக்கும் காரணங்கள் வேறு, மருந்தும் வேறு. விண்டோஸை ஃபார்மட் செய்தால் முதல் துண்டில் ஒரு நொடிகூடக் குறையாது.

அளப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தோம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி விண்டோஸ் 8 காலத்திலிருந்தே இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. உள்ளே இயங்கும் மையப் பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளும். தினமும் ராத்திரி ஷட்டவுன் கொடுத்து, யுபிஎஸ்ஸையும் அணைத்துவிட்டுப் போகிறவர் இவர். ஆனாலும் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், கணினி நாள்கணக்கில் அணையாமல் ஓடுவதாக 'அப் டைம்' காட்டியது. இந்த நிலையில் அளந்தால் ஒரு நாள் ஒரு கணக்கும் மறுநாள் வேறு கணக்கும் வரும். அதனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டு, முழுதாக அணைத்து எழுப்பி அளந்தோம்.

போன் ஸ்டாப்வாட்ச்சில் வந்த கணக்கு:

பவர் பட்டன் முதல் விண்டோஸ் வட்டம் சுற்றத் தொடங்கும் வரை, 1 நிமிடம் 20 நொடி. வட்டம் முதல் பாஸ்வேர்டு திரை வரை, 55 நொடி. பாஸ்வேர்டு முதல் மவுஸுக்குக் கணினி பதில் சொல்லும் வரை, 2 நிமிடம் 40 நொடி. மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு ஐந்து நொடி குறைவு.

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பக்கத்தில் மேலே வலது மூலையில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று ஓர் எண் இருக்கும். பலர் கண்ணில் படுவதே இல்லை. இங்கே அது 78 நொடிக்கு மேல் காட்டியது, நாங்கள் கையால் அளந்ததோடு ஒத்துப்போனது. புதுக் கணினியில் இந்த எண் பெரும்பாலும் 10 முதல் 20 நொடிக்குள் இருக்கும்.

ஆக, மூன்று துண்டுமே கெட்டிருக்கிறது. ஒரே நோய் மூன்றையும் கெடுத்ததா, வேறுவேறு நோயா என்பதுதான் அடுத்த கேள்வி.

ஈவென்ட் வியூவரில் கண்டது

விண்டோஸ் தன் குறைகளை ஈவென்ட் வியூவரில் எழுதிக்கொண்டே இருக்கும். படிக்கத்தான் ஆளில்லை. அதன் சிஸ்டம் பகுதியைத் திறந்தவுடன் விஷயம் பாதி புரிந்துவிட்டது. ஒவ்வொரு முறை கணினி தொடங்கிய நேரத்தையொட்டியும் 129 என்ற எண்ணில் எச்சரிக்கைகள் கொத்துக் கொத்தாக இருந்தன. ஒரு டிஸ்கிடம் கேட்டேன், உரிய நேரத்தில் பதில் வரவில்லை, அதனால் ரீசெட் செய்தேன் என்பது அதன் பொருள். இடையிடையே 153 என்ற எண்ணும் இருந்தது. படித்தது சரியாக வராததால் மறுபடி படிக்க வேண்டியிருந்தது என்று அது சொல்லும். அந்த 153-இல் குறிப்பிட்டிருந்த டிஸ்க், விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டி அல்ல, 4 டிபி ஹார்ட் டிஸ்க்.

மாற்றச் சொன்ன எஸ்எஸ்டி மேல் ஒரு புகாரும் இல்லை.

அப்புறம் ஹார்ட் டிஸ்கின் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தோம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் பட்டியல் அது. மூன்று வரிகளைத்தான் முதலில் தேடுவோம். 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள் (டிஸ்கில் தகவல் எழுதும் சிறு கட்டங்கள்). 197, கெட்டிருக்குமோ என்று சந்தேகத்தில் இருக்கும் செக்டர்கள். 199, டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவில் போகும் வழியில் சிதைந்த தகவல்கள். இங்கே 5 பூஜ்யம், 197 பூஜ்யம். 199 மட்டும் ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது.

199 ஏறுவதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: இரைச்சலான பஸ் ஸ்டாண்டில் நின்று போனில் பேசும்போது 'என்னது, திரும்பச் சொல்லு' என்று கேட்டுக்கொண்டே இருப்போமே, அது. பேசுகிறவர் மேல் குற்றமில்லை, சொல்லும் செய்தியும் மாறவில்லை, நடுவில் உள்ள வழிதான் சரியில்லை. தகவல் சிதைந்து வந்தால் கண்டுபிடித்து மறுபடி கேட்கிற ஏற்பாடு சாட்டாவில் உண்டு. அதனால்தான் இத்தனை நாளும் படங்கள் கெடாமல் திறந்தன. ஆனால் ஒவ்வொரு 'திரும்பச் சொல்லு'வுக்கும் நேரம் போகும். தொடர்ந்து சிதைந்தால் இணைப்பின் வேகமும் 6 ஜிகாபிட்டிலிருந்து 3-க்கும், 1.5-க்கும் இறங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 199-இன் எண்ணிக்கை குறையவே குறையாது. கேபிளை மாற்றினாலும் பழைய எண் அப்படியே நிற்கும். அதனால் எண்ணைக் கண்டு மிரண்டு பயனில்லை. இன்று எவ்வளவு, நாளை எவ்வளவு என்று குறித்துப் பார்த்தால்தான் அர்த்தம்.

முடிவு: பழுது பார்ப்பதற்கு முன் படங்கள்

இந்த இடத்தில் கேபிளை மாற்றிப் பார்த்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். மாற்றவில்லை. காரணம், அந்த டிஸ்கில் இருந்தவை. வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் எடுத்த கல்யாணப் படங்கள், இன்னும் ஆல்பமாகிக் கொடுக்காதவை, அந்த ஒரே டிஸ்கில் இருந்தன. மெமரி கார்டுகளை அடுத்த வேலைக்கு அழித்தாகிவிட்டது. வேறு பிரதி கிடையாது. கல்யாணத்தை மறுபடி எடுக்க முடியாது. ஸ்மார்ட் கணக்கு டிஸ்க் நல்லது என்றது, ஆனால் அந்தக் கணக்கு சுத்தமாக இருந்தும் திடீரென நின்றுபோன டிஸ்குகள் எங்கள் மேஜைக்கு வந்திருக்கின்றன. அதுவும் ஈரத்தில் கிடந்த டிஸ்க். இன்னொரு முறை ஆன் செய்து பார்ப்போம் என்று சோதித்துக்கொண்டே இருக்க மனசு வரவில்லை.

உரிமையாளர் தயங்கினார். கொடை வீடியோ ஒன்று மறுநாள் கொடுக்க வேண்டியிருந்தது. "ஒரு நாளு தள்ளிக் கழத்துனா ஆகாதா தம்பி?" என்றார். "அண்ணாச்சி, கொடைக்காரங்ககிட்ட ஒரு நாள் தவணை சொல்லிக்கலாம். படம் போயிட்டா பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, கழத்துங்க" என்றார்.

டிஸ்கைக் கழற்றி எங்கள் கடைக்குக் கொண்டுபோய், வேறு கணினியில், நல்ல கேபிளில், யுபிஎஸ் பாதுகாப்பில் செருகினோம். புது டிஸ்க் ஒன்று வாங்கி, அதற்குப் பிரதி எடுத்தோம். இரண்டரை டிபி இருந்தது. ராத்திரி முழுக்க ஓடியது. இந்த ஏற்பாட்டில் இரட்டைப் பலன் இருந்தது. படங்கள் பத்திரமாவதோடு, டிஸ்கா கேபிளா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். டிஸ்கில் குறை என்றால் இங்கேயும் தடுமாறும்.

காலையில் பார்த்தால் பிரதி முழுதாக முடிந்திருந்தது. ஒரு ஃபைல்கூடப் பிழை சொல்லவில்லை. 5-உம் 197-உம் பூஜ்யம்தான். 199-இன் எண் முதல் நாள் சாயங்காலம் எழுதி வைத்த அதே எண்ணில் நின்றது. இரண்டரை டிபி படித்தும் ஒன்றுகூட ஏறவில்லை. டிஸ்க் நல்ல டிஸ்க்.

டிஸ்க் இல்லாமல் தொடங்கியபோது

இதற்கிடையில் ஸ்டுடியோ கணினியை அந்த டிஸ்க் இல்லாமலே தொடங்கிப் பார்த்தோம். இரண்டாம் துண்டு 55 நொடியிலிருந்து 11 நொடிக்கு இறங்கியது. மூன்றாம் துண்டு 9 நொடி. ஆனால் டெஸ்க்டாப் வந்ததும் ஒரு செய்திப் பெட்டி எழுந்தது: டி டிரைவில் உள்ள டெஸ்க்டாப் ஃபோல்டர் கிடைக்கவில்லை. டி டிரைவ் என்பது நாங்கள் கழற்றிய அந்த ஹார்ட் டிஸ்க்தான். திரையில் ஒரு ஐகானும் இல்லை.

அந்தப் பெட்டிதான் ஃபார்மட் ரகசியத்தைத் திறந்துவிட்டது. ஆல்பம் செய்கிற பையன் வேலைகளையெல்லாம் டெஸ்க்டாப்பிலேயே ஃபோல்டர் ஃபோல்டராக வைப்பான். ஃபார்மட் அடித்தால் சி டிரைவில் இருப்பது போய்விடும் என்று பயந்து, டெஸ்க்டாப் ஃபோல்டரையே டி டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தான். அவன் நினைத்ததில் தப்பில்லை, புத்திசாலித்தனம்தான். ஆனால் அதனால் பாஸ்வேர்டு அடித்ததும் விண்டோஸ் முதலில் போய் நிற்பது அந்த ஹார்ட் டிஸ்கின் வாசலில். வழியில் கேபிள் தடுமாறும். ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் ரீசெட், மறுபடி முயற்சி. இரண்டரை நிமிடம் அங்கேயே போயிற்று.

ஃபார்மட் அடித்ததும் கணினி சரியானதற்கும் இதே காரணம். புது விண்டோஸில் டெஸ்க்டாப் சி டிரைவில், அதாவது எஸ்எஸ்டியில் இருக்கும். சில நாள் கழித்துப் பையன் மறுபடி டி டிரைவுக்கு மாற்றுவான். மறுபடி மெதுவாகும். ஃபார்மட் மருந்து வேலை செய்ததாக எல்லோரும் நம்பியதில் ஆச்சரியமில்லை. அடித்த கொஞ்ச நாள் நிஜமாகவே நன்றாக இருந்ததே.

கேபிள்

கேபினெட்டின் பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். சிவப்பு நிற சாட்டா கேபிள். பூட்டிக்கொள்ளும் கிளிப் இல்லாத பழைய வகை. டிஸ்கிலிருந்து வெளியே வந்த இடத்திலேயே செங்குத்தாக மடித்து, கட்டுப் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தது. அதன் மேல் தகடு வேறு அழுத்திக்கொண்டிருந்தது. கனெக்டரைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், உள்ளே வரிசையாக இருக்க வேண்டிய பொன்னிறத் தொடுமுனைகளில் இரண்டு மூன்றில் பச்சை பூத்திருந்தது. பரணில் ஈரத்தில் கிடந்ததன் மிச்சம்.

டிஸ்க் பக்கத்துத் தொடுமுனைகளை லென்ஸ் வைத்துப் பார்த்தோம். லேசான கறை மட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தோம். கிளிப் வைத்த புதுக் கேபிள் போட்டு, மடிப்பு விழாமல் வளைத்து விட்டோம். டிஸ்க் தன் இடத்துக்குத் திரும்பியது. இரண்டாம் துண்டு 13 நொடி, மூன்றாம் துண்டு 14 நொடி. 129 எச்சரிக்கை ஒன்றுகூட வரவில்லை. சில நூறு ரூபாய்கூட ஆகாத பொருள் அந்தக் கேபிள்.

மீதமிருந்த கறுப்புத் திரை

முதல் துண்டு இன்னும் அடங்கவில்லை. டிஸ்க் இல்லாதபோது 1 நிமிடம் 5 நொடி இருந்தது, புதுக் கேபிளோடும் அதே அளவுதான். விண்டோஸ் வராத நேரம் அது. ஆகவே கேபிளுக்கும் விண்டோஸுக்கும் இதில் பெரிய பங்கில்லை.

ஏஎம்5 போர்டுகளில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிய காட்சி. 2022 செப்டம்பரில் வந்த இந்தத் தளம் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். டிடிஆர்5-இன் வேகத்தில், போர்டும் ரேமும் ஒன்றோடொன்று நேரம் பிசகாமல் பேசுவதற்கு, தொடங்கும்போது பலவித அளவுகளை முயன்று பார்த்து ஒன்றைத் தேர்வது வழக்கம். இதை மெமரி டிரெய்னிங் என்பார்கள். புதிதாக ரேம் போட்ட முதல் தடவை இது நிமிடக்கணக்கில்கூடப் போகும். போர்டு செத்துவிட்டது என்று அப்போது பிடுங்கியவர்கள் உண்டு. ஒரு முறை தேர்ந்ததை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும் வசதி பயாஸில் 'மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்' என்ற பெயரில் இருக்கிறது. இங்கே அது அணைந்து கிடந்தது. பயாஸும் போர்டு வாங்கிய காலத்துப் பழசு.

இதற்கு மேல் நான்கு ரேம். ரேம் கூடக்கூட டிரெய்னிங் நேரமும் கூடும். அதோடு நிற்கவில்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தரும் கணக்கின்படி, இரண்டு ரேம் போட்டால் டிடிஆர்5-5200 வேகம், நான்கு போட்டால் 3600-தான் உறுதி. வேகம் வேண்டும் என்று வாங்கிப் போட்ட ரேம், தொடங்கும் நேரத்தையும் நீட்டி, ஓடும் வேகத்தையும் இறக்கி வைத்திருந்தது.

நான்கை இரண்டாக்கலாமா? கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம். பையனிடம் இருப்பதிலேயே கனமான ஆல்பத்தைத் திறக்கச் சொல்லி, கூடவே வீடியோவையும் ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரைப் பார்த்தோம். 32 ஜிபிக்கு உள்ளேயே, கணிசமான இடம் மீதம் வைத்து அடங்கியது. காசு கொடுத்து வாங்கியதைக் கழற்றி வைக்க உரிமையாளருக்கு மனமில்லை, அது நியாயமும்தான். வேலைக்கு 64 ஜிபி தேவைப்பட்டிருந்தால் நானே விட்டிருப்பேன். தேவையில்லை என்பது கண்ணெதிரே தெரிந்தது. இரண்டைக் கழற்றி, அடுத்து வாங்கும் கணினிக்கு என்று பெட்டியில் போட்டுக் கொடுத்தோம். மிச்ச இரண்டும் மதர்போர்டு கையேடு சொல்லும் ஸ்லாட்டுகளில், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்கின்றனவா என்று சரிபார்த்தோம்.

அடுத்தது பயாஸ் அப்டேட். இதில் இரண்டு எச்சரிக்கை எடுத்தோம். ஒன்று மின்சாரம். ஆடிக் காற்றில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அப்டேட் நடுவில் நின்றால் போர்டு எழாமலே போகலாம். யுபிஎஸ் பேட்டரி நிஜமாகத் தாங்குகிறதா என்று பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினோம். இரண்டாவது, டிரைவ் என்கிரிப்ஷன். விண்டோஸ் 11 பல கணினிகளில் கேட்காமலே டிஸ்கைப் பூட்டி வைத்திருக்கும். பயாஸ் மாறினால் அந்தப் பூட்டுக்குரிய ரெக்கவரி கீ கேட்கும். கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பது உள்ளேயேதான். செட்டிங்ஸில் பார்த்து, கீயை எழுதி உரிமையாளரிடம் கொடுத்த பிறகே கை வைத்தோம்.

அப்டேட் முடிந்ததும் பயாஸ் அமைப்பெல்லாம் தொடக்க நிலைக்குப் போய்விடும். ரேமின் வேகத்தை மறுபடி அமைத்து, மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோரை இயக்கினோம். இதை இயக்கினால் சில கணினிகளில் ரேம் தடுமாறுவதுண்டு. அப்படித் தடுமாறினால் ஆல்பம் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெடும். அதனால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். பிழை ஏதும் வரவில்லை. முதல் துண்டு 18 நொடிக்கு வந்தது.

சில்லறை வேலைகள்

தொடக்கத்தில் தானாக ஓடும் நிரல்களில் தேவையில்லாதவற்றை அணைத்தோம். காலாவதியான டிரையல் ஆன்டிவைரஸ் ஒன்றை நீக்கினோம். இவற்றால் இரண்டு மூன்று நொடிதான் மிச்சம். பொதுவாக எல்லோரும் முதலில் கை வைப்பது இங்கேதான், இந்தக் கணினியில் இங்கே பெரிதாக ஒன்றுமில்லை.

டெஸ்க்டாப் ஃபோல்டரைச் சி டிரைவுக்கே திருப்பிவிட்டு, டி டிரைவில் உள்ள வேலைகளுக்கு ஷார்ட்கட் மட்டும் வைத்தோம். இனி ஃபார்மட் பயத்துக்கு மருந்து பிரதி எடுப்பது என்று பையனுக்குச் சொல்லிக்கொடுத்து, வாங்கிய புது டிஸ்கில் வாரம் ஒரு முறை பிரதி எடுக்கும்படி அமைத்துக் கொடுத்தோம்.

பின்பு நடந்தது

மொத்தம் 45 நொடியில் கணினி கைக்கு வந்தது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்தபடியே விட்டுவிட்டோம். அது மிச்சப்படுத்தும் சில நொடியைவிட, தினமும் முழுதாக அணைந்து எழுவது இந்தக் கடைக்கு நல்லது என்பது என் எண்ணம்.

ஆவணி முகூர்த்த நெருக்கடி முடிந்து ஒரு தடவை போய்ப் பார்த்தேன். 199-இன் எண் நாங்கள் விட்டுவந்த இடத்திலேயே இருந்தது. ஈவென்ட் வியூவரில் 129 இல்லை. லாஸ்ட் பயாஸ் டைம் பழையபடியே 18-ஐ ஒட்டி. பையன் சொன்ன அந்த 'எப்பமாவது நின்னுட்டு ஓடுறது'ம் அதன் பிறகு இல்லையாம். அதுவும் கேபிளின் வேலைதான்.

மாற்றிக்கொண்டவை

இந்த வேலைக்குப் பிறகு எங்கள் கடையில் சிலவற்றை வழக்கமாக்கினோம். மெதுவாகத் தொடங்குகிறது என்று வரும் எந்தக் கணினிக்கும் மூன்று துண்டின் நேரமும் ஜாப் கார்டில் ஏறிய பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர் எடுப்பது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்கள் எந்த டிரைவில் இருக்கின்றன என்று முதலிலேயே பார்ப்பது. புதிதாக அசெம்பிள் செய்து கொடுக்கும் கணினிகளில், கொடுக்கும் நாளில் அளந்த நேரத்தையும் ஹார்ட் டிஸ்கின் 199 எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டுவது. பிறகு பார்க்கிறவர் யாராக இருந்தாலும் ஒப்பிட ஓர் அளவு இருக்கும். பழைய டிஸ்கைப் புதுக் கேபினெட்டுக்கு மாற்றும்போது புதுக் கேபிள் போடாமல் விடுவதில்லை. வெள்ளத்தில் ஈரம் கண்ட பொருள் என்றால், நனையவில்லை என்று உரிமையாளர் சொன்னாலும் தொடுமுனைகளை வெளிச்சத்தில் பார்த்துவிடுகிறோம். வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கத்துக் கடைகளிலிருந்து வரும் கணினிகளில் இதே பச்சையைப் பிறகும் பார்த்தோம்.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. பிரதி எடுக்கும் டிஸ்க் அதே அறையில், அதே மேஜையில் இருக்கிறது. மாடி என்பதால் வெள்ளம் வராது, ஆனால் தீயும் திருட்டும் மின்னலும் மாடி பார்ப்பதில்லை. தென்காசியில் அக்கா வீடு இருக்கிறது, இரண்டாவது பிரதியை அங்கே கொண்டுவைக்கிறேன் என்று உரிமையாளர் சொல்லியிருக்கிறார். இன்னும் வைக்கவில்லை. ஐப்பசி முகூர்த்தம் தொடங்குவதற்குள் வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.